கையில் நிற்காத கதிர்

மாசி வெயில் முழங்கால் உயர ஓட்ஸ் பயிர்மேல் வெளுத்துக் கிடக்கிறது. சாந்தம்மாள் ஒரு கதிரை உருவி, சாமைக்குச் செய்வதுபோலவே உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துக் கசக்கி ஊதுகிறாள். உமி பறந்துபோகிறது, கையில் ஒரு மணிகூட நிற்கவில்லை. அடுத்த கதிரிலும் அப்படித்தான். மலைக் குளிருக்கு நன்றாக வரும் என்று யாரோ சொன்னதை நம்பி, ஆடியில் சாமை போடாமல் கொல்லையைச் சும்மா விட்டுவைத்து, ஐப்பசியில் விதைத்த பயிர் இது. பால் பிடிக்கிற நேரத்தில் வெயில் முந்திக்கொண்டது. வரப்பில் மாட்டைப் பிடித்தபடி நிற்கிற அவள் புருஷன் தசரதன், “இன்னாமே, ஒண்ணாவது தேறுதா?” என்கிறான். “நீயே வந்து ஊதிப் பாருய்யா. மூச்சுதான் மிச்சம்.” “வுடு, மாட்டுக்காவது ஆவும். வர்ற ஆடிக்குச் சாமையே வெதச்சுக்கலாம்.” அவள் திரும்பி அவனைப் பார்க்கிறாள். அப்போதுதான் அவனுக்கும் நினைவு வருகிறது. ஓட்ஸ்தான் வரப்போகிறதே என்று, விதைக்கு வைத்திருந்த சாமையைத் தை மாதமே குத்திப் பொங்கிவிட்டார்கள். அவன் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். தசரதன் மாட்டின் கயிற்றை விடுகிறான். அது தின்கிற சத்தம் கொல்லை முழுக்கக் கேட்கிறது. சாந்தம்மாள் இன்னொரு கதிரை உருவுகிறாள்.