நாலாம் குழாய்

“அண்ணே, ஊரே வறண்டு கெடக்கு. இந்த ஒத்தக் குழாய்ல மட்டும் எப்பிடிண்ணே தண்ணி ஏறுது?”

கேட்டவன் பின்தெருவில் குடியிருக்கும் தங்கப்பாண்டி. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கும் நஜீமுக்கே அது புரியவில்லை. அளவு நாடாவை மறுபடியும் குழாய்க்குள் இறக்கிப் பார்த்தான். போன தடவையைவிட இரண்டடி மேலே நின்றது தண்ணீர்.

ஒத்தக்கடையில், மேலூர் ரோட்டை ஒட்டிய அந்தப் பெட்ரோல் பங்க் மூடி ஆறு வருடமாகிறது. தரைக்கடியில் இருந்த டேங்க் ஓட்டை விழுந்து, பெட்ரோல் மண்ணுக்குள் இறங்கி, பின்தெருவின் போர் தண்ணீரையெல்லாம் கெடுத்துவிட்டது. அதிகாரிகள் வந்து வீட்டுப் போர்களுக்குச் சீல் வைத்தார்கள். பங்க் வளாகத்துக்குள் நான்கு குழாய்களை ஆழமாக இறக்கினார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நஜீம் வந்து, ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துப் போய்ச் சோதிப்பான். வாடை தெரியாத அளவு கலந்திருந்தால்கூடப் பிள்ளைகள் உடம்புக்கு ஆகாது என்பதால்தான் இத்தனை பாடு.

மூன்று குழாய்களில் பிரச்சினையே இல்லை. டேங்குக்கும் தெருவுக்கும் நடுவில் நின்ற நாலாம் குழாய்தான் வில்லன். மூடியைத் திறந்தாலே தலை கிறுகிறுக்கும். அது தேறினால் தெருவே தேறியது என்று வைத்திருந்தார்கள். அப்படிப்பட்டது, போன வருடம் திடீரென்று திருந்திவிட்டது. வாடை போய், தண்ணீர் இளநீர் மாதிரி வந்தது.

முறைப்படி, குழாயில் நிற்பதை இறைத்துக் கொட்டிவிட்டு, புதிதாக ஊறுவதைத்தான் பிடிக்க வேண்டும். நாறிய காலத்தில் நஜீம் அதை ஒழுங்காகச் செய்தான். எடுத்த எடுப்பிலேயே தெளிந்து வந்த பிறகு, இந்த வெயிலில் எவன் இறைப்பான் என்று விட்டுவிட்டான். தொடர்ந்து நான்கு சோதனையிலும் நாலாம் குழாய் தேறியது.

தங்கப்பாண்டி குரலைத் தாழ்த்தினான். “விடியக்காலம் சத்தம் கேக்குதுண்ணே. யாரோ மடக் மடக்குன்னு தண்ணி குடிக்கிற மாதிரி. நானே கேட்டேன். டேங்க் கழுவ எறங்கி உள்ளயே செத்தாரே, அவருதான்னு தெருவுல பேசிக்கிறாய்ங்க.”

நஜீம் சிரித்து வைத்தான். ஆனால் சித்திரை வெயிலில் மற்ற மூடிகள் கையைச் சுட, நாலாம் குழாயின் மூடி மட்டும் சில்லென்று இருந்ததை நினைத்ததும் அவனுக்குக் கை மயிர் சிலிர்த்தது. சீக்கிரம் வேலையை முடித்துவிட்டுக் கிளம்பினால் போதும் என்றிருந்தது.

வேலையும் இன்றோடு முடிகிறது. போர்களைத் திறக்கலாம் என்று உத்தரவு வந்து, காலையில்தான் சீலை வெட்டினார்கள். தங்கப்பாண்டியின் மகள் ஆர்த்திகா பிறந்து மூன்று வருடமாக லாரித் தண்ணீரும் கேன் தண்ணீரும்தான் அந்த வீட்டில். சொந்த போரில் வரும் முதல் டம்ளர் அவளுக்குத்தான் என்று சொல்லிவிட்டு, மோட்டார் போட ஓடினான் தங்கப்பாண்டி.

நஜீம் குழாய்களை அடைக்க சிமெண்டைக் குழைத்தான். நாலாம் குழாய்க்கு அருகில் போய் உட்கார்ந்தபோது, பின்னால் யாரோ நிற்பது போலிருந்தது. திடுக்கிட்டுத் திரும்பினான்.

காவல்காரி சீனியம்மாள். ஒரு வருடத்துக்கு மேலாக அவன் வரும்போதெல்லாம் வாய் பேசாமல் கேட்டைத் திறந்துவிடுகிறவள். இப்போது இடுப்பில் குடத்தோடு நின்றாள்.

“தம்பி, அத மட்டும் அடைக்காதீங்க.”

ஏன் என்று கேட்டான்.

“உள்ள செத்தது எம் புருசன். தண்ணி தண்ணின்னு அனத்திக்கிட்டேதான் உசுரு போச்சாம். ஒரு சொட்டு ஊத்த நாதியில்ல. அதுக்காகத்தான் இந்தக் காவலுக்கே வந்தேன்.”

நஜீம் சிமெண்டுக் கரண்டியைக் கீழே வைத்தான். “இதுக்குள்ள தண்ணி ஊத்துறீங்களாக்கா? எப்ப இருந்து?”

“வந்த நாள்ல இருந்து, தெனம் விடியக்காலம் ஒரு குடம். நீங்க வாரதுக்கு மொத நா மட்டும் நாலு குடம். நீங்க ஒரு பாட்டில் மொண்டுட்டுப் போயிர்றீங்கள்ல, அவருக்குக் கொறஞ்சிறக் கூடாதுன்னு.”

சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் ஓடத் தொடங்கியது. “டம்ளர எடுத்துட்டு வா ஆத்தா” என்று தங்கப்பாண்டி மகளைக் கூப்பிட்டான்.