திருப்பத்துக் கண்ணாடி

மூட்டை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி வருவது தெரியட்டும் என்று கிடங்கின் திருப்பத்தில் புடைத்த வட்டக் கண்ணாடியை மாட்டிய நாளிலிருந்து அங்கே ஒரே திருவிழா. போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று தலை சீவினார்கள். தங்கள் மூக்கு பூசணிக்காயாக வீங்குவதைப் பார்த்துச் சிரித்தார்கள். "அழகு பாக்கவா மாட்டியிருக்கு?" என்று சூப்பர்வைசர் ஞானசிகாமணி பின்னால் வந்து கத்தியபோது, மூட்டை அடுக்கும் செண்பகவல்லி பொட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கண்ணாடியில், அவருடைய வழுக்கைத் தலைக்கு மேலே, பின்னாலிருந்த அடுக்கின் உச்சி மூட்டை நகர்ந்தது. திரும்பி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் நின்றிருந்த இடத்தில் அடுக்கு மொத்தமும் சரிந்தது. புழுதி அடங்குவதற்குள் எல்லோரும் கூவிக்கொண்டு ஓடிவந்தார்கள். "சாருக்கு ஒண்ணுமில்ல" என்றாள் மூச்சுவாங்க. அவர் எழுந்துபோய்க் கண்ணாடி முன்னால் நின்றார். "சீப்பு இருக்காம்மா?" என்று கேட்டு வாங்கி, மற்ற அடுக்குகளைக் கண்ணாடியில் பார்த்தபடியே, இல்லாத முடியைச் சீவத் தொடங்கினார்.