ஏழாயிரத்து இருநூறு

“புதன்கிழமைதானே உங்க நாளு? திங்கக்கிழமையே வந்து நிக்கறீங்களே, சின்னத்தாயி.”

ஆரோக்கியதாஸ் கொதிநீரிலிருந்து கண்ணாடி சிரிஞ்சை இடுக்கியால் எடுத்துவிட்டு, நாற்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளினார். அது எண்பத்தொன்பதாம் வருஷம். சேலம் பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு, ஏற்காட்டு மலையிலிருந்து முதல் பஸ்ஸில் மாதாமாதம் வருகிறவள் அவள். அக்காள் கொடுத்த கிட்னி என்று மெட்ராஸ் டாக்டரின் சீட்டில் எழுதியிருந்தது.

மற்ற நாட்களில் உட்காரும்போதே கையை நீட்டிவிடுவாள். இன்று கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றாள்.

“ஏனுங்க சார், போன மாசத்து ரிப்போர்ட்டை இன்னொருக்கா படிச்சுச் சொல்லுங்க.”

அவர் பதிவேட்டைப் புரட்டினார். “வெள்ளை அணு ஏழாயிரத்து இருநூறு. அதுக்கு முந்தின மாசம் ஏழாயிரம். எனக்கே இவ்வளவு நல்லா இருக்காதுங்க.”

“அதைப் பாத்துட்டுத்தான் டாக்டரும் மாத்திரையைக் கொறைக்க வேண்டாம்னு லெட்டர் போட்டாருங்க.”

“பின்னே? இந்த மாத்திரை சாப்பிட்டா மூஞ்சி பூசணிக்காயாட்டம் வீங்கிப் போகும்பாங்க. நீங்க என்னடான்னா மருந்து வாடையே படாத ஆளாட்டம் இருக்கறீங்க. எல்லாம் மலைத் தண்ணி.”

அவள் சிரிக்கவில்லை.

“மாசாமாசம் ரத்தம் பாக்கறது எதுக்குங்க?”

பல முறை சொன்னதுதான். ஆனாலும் பொறுமையாகச் சொன்னார். “புதுக் கிட்னியை உடம்பு ஏத்துக்காது, வெளியாளுன்னு எதுத்துச் சண்டை போடும். அந்த எதிர்ப்பைத்தான் மாத்திரை அடக்கி வெக்குது. சில பேருக்கு அளவுக்கு மீறி அடக்கிரும். வெள்ளை அணு கிடுகிடுன்னு எறங்கிப் போகும். அப்பறம் சாதாக் காய்ச்சல் வந்தாக்கூட ஆளை அடிச்சுரும்.”

“அது மொதல்லயே தெரிஞ்சுருமுங்களா?”

“ரத்தத்துல தெரிஞ்சுரும். உடனே மாத்திரையைக் கொறைச்சுக் காப்பாத்திறலாம்.”

அவள் நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டாள். “அக்கா தங்கச்சி ரத்தம் ஒண்ணுதானுங்களே? கிட்னியே சேர்ந்துருச்சல்லோ.”

“குரூப்பு ஒண்ணா இருக்கும். ஆனா மாத்திரை போடறது தங்கச்சி நீங்கதானே? அணு எறங்கறது உங்க ரத்தத்துல மட்டுந்தான் தெரியும்.” சிரித்தார். “உங்களுக்கென்ன பயம்? ஒரு மாசங்கூடத் தப்பலை நீங்க.”

“மலைப் பஸ்ஸுல வளைவுக்கு வளைவு வாந்திங்க. முழுங்கின மாத்திரையும் வெளிய வந்துரும். ஒரு வேளை தப்புனாலும் கிட்னி போயிரும்னு சொல்லியிருந்தாங்க, அந்தப் பயந்தான் நொம்ப.”

“அப்படியும் மாசம் தவறாம ரத்தம் குடுத்தீங்களே, அதான் பெரிசு.”

அவள் ஏதோ கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பவள் போல அந்தப் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

“வாயெல்லாம் புண்ணாப் போச்சுங்க. அப்பறம் காச்சல். ரிப்போர்ட்டு நல்லாத்தானே இருக்குதுன்னு ஊட்டுலயே கசாயம் வெச்சுக்கிட்டு இருந்துட்டோமுங்க.”

ஆரோக்கியதாஸின் முகம் மாறியது. “காய்ச்சலா? இதை வந்ததும் சொல்ல வேண்டாமா? உக்காருங்க மொதல்ல.”

அவளைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். முந்தானையை விலக்கிக் கையை எடுத்து மேசைமேல் வைத்தபோது, அது காப்பிச் செடி கீறிய தழும்புகளோடு சில்லென்று இருந்தது. ரப்பர் குழாயை இறுக்கிக் கட்டினார். நரம்பு பச்சையாகப் புடைத்து எழுந்தது.

“ஒண்ணும் ஆகாது. ஒரு மணி நேரத்துல எண்ணிச் சொல்லிடறேன், நானே டாக்டருக்குப் போன்ல டிரங்கால் போடறேன். கையை நல்லா மூடுங்க, சின்னத்தாயி.”

அவள் மூடவில்லை.

“சின்னத்தாயி எந் தங்கச்சிங்க, அவளைப் பொதைச்சு ஒம்பது நாளாச்சு.”