பழகிய ரத்தம்

டியூப்லைட் மினுக்கிக்கொண்டே இருக்கிறது. லேப் டெக்னீஷியன் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நாற்காலிக்கடியில் அவள் கால் மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது. கண்ணாடித் தகட்டில் அக்காவின் வெள்ளணுக்கள், அவற்றின்மேல் தம்பியின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரம் ஒரு சொட்டு. ஒவ்வொரு அணுவின் சவ்விலும், கண்ணுக்குத் தெரியாத புரதங்கள் வாசல் பெயர்ப்பலகை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கின்றன. தம்பியின் ரத்தத்துக்கு அந்தப் பெயர் ஆகாது என்றால் சவ்வைக் கிழித்துவிடும். கிழிந்த அணுவுக்குள் நீலச்சாயம் ஏறும். கிழியாவிட்டால் அக்காவின் சிறுநீரகம் தம்பிக்கு. கதவோரம் அக்கா கைப்பை ஜிப்பை மூடுகிறாள், திறக்கிறாள், மறுபடி மூடுகிறாள். "சேரும்ல மேடம்?" "கொஞ்சம் இருங்கம்மா." "சேராம எங்க போகும்? நாங்க ஒண்ணுக்குள்ள ஒண்ணு. போன வருஷம் அவனுக்கு ரத்தம் குறைஞ்சப்ப ரெண்டு தடவையும் நான்தான் குடுத்தேன். என் ரத்தம் அவனுக்குப் பழக்கம்." ஆடிக்கொண்டிருந்த கால் சட்டென்று நிற்கிறது. அந்த இரண்டு தடவையில்தான் தம்பியின் ரத்தம் அக்காவின் புரதங்களை எதிரி என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. வட்ட வெளிச்சத்தில் ஒரு அணு நீலமாகிறது. பக்கத்தில் இன்னொன்று. கதவோரம் ஜிப் மறுபடி திறக்கிறது.