பின்சீட்டுக் கயிறு

“கயிறு எங்கே, சாரு?”

ஸ்ரீகிருஷ்ணா கேட்டது ஒரே ஒரு தடவைதான். லஸ்ஸில் கிளினிக் வாசலில் நின்ற காருக்குள் குனிந்து பார்த்துவிட்டு, மனைவியிடம் கேட்டான்.

சாருலதாவின் தோளில் ஷ்ரேயா விசும்பி ஓய்ந்து தூங்கியிருந்தாள். பதினாலு மாதக் குழந்தை. இடது புருவத்துக்கு மேல் மூன்று தையல்.

“வடிவேலுதானே எப்பவும் கட்டுவார்” என்றாள் சாருலதா.

அதில் பொய் ஒன்றும் இல்லை. எப்போதும் கட்டுவது டிரைவர் வடிவேலுதான்.

அந்தக் குழந்தை சீட்டை அவள் அண்ணி அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்திருந்தாள். தள்ளுபடிக் குவியலில் கிடந்ததாம். மெலிசு பிளாஸ்டிக், ஒரு கையால் தூக்கிவிடலாம். ஆனால் ஒரே சீட்டை இரண்டு விதமாகப் போடலாம். ஒரு வயது வரை குழந்தை பின்பக்கம் பார்த்து உட்காரும். அப்புறம் திருப்பி வைத்தால் முன்பக்கம் பார்க்கும்.

“பாப்பா இன்னாம்மா, ரிவர்ஸ்லயே போய்க்கினு கீது” என்று மாதக்கணக்கில் சிரித்துக்கொண்டிருந்தார் வடிவேலு.

சிரித்தாலும் அந்த சீட்டைக் காப்பாற்றியது அவர்தான். அதை பெல்ட்டோடு கோத்து மாட்ட வேண்டும். அவர்களுடைய பழைய காரின் பின்பக்கத்தில் பெல்ட்டே கிடையாது. பரணில் தூக்கிப் போடு என்றான் ஸ்ரீகிருஷ்ணா. மறுநாள் வடிவேலு சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வரும்போது, தன் மனைவி தேவானை துணி உலர்த்தும் நீல நைலான் கயிற்றில் பாதியை அறுத்து எடுத்து வந்தார். நுனி பிரியாமலிருக்கத் தீக்குச்சியால் பொசுக்கியிருந்தார். மெத்தைக்கு அடியில் இருந்த கம்பியோடு சேர்த்து நாலு சுற்று, பக்கவாட்டில் ஒரு முடிச்சு. கட்டியபின் இரண்டு தடவை ஆட்டிப் பார்ப்பார்.

இன்று காலை ஆயுத பூஜை. காருக்குச் சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழத்தின்மேல் சக்கரத்தை ஏற்றி நசுக்கி, தி. நகரில் இருக்கும் அத்தை வீட்டுக்குக் கிளம்பினார்கள். ஸ்ரீகிருஷ்ணா ஆபீஸ் பூஜைக்குப் போயிருந்தான்.

தேனாம்பேட்டை சிக்னலில் ஒரு சைக்கிள் குறுக்கே புகுந்தது. வடிவேலு பிரேக்கை மிதித்தார். சீட் குழந்தையோடு கவிழ்ந்தது.

கிளினிக்கிலிருந்து ஸ்ரீகிருஷ்ணாவே காரை ஓட்டிவந்தான். வடிவேலு பின்னால் நடந்து வந்தார்.

வீட்டு வாசலில் இறங்கிய சாருலதா, காரின் முன்பக்கம் வராமல் பின்பக்கமாகச் சுற்றி உள்ளே போனாள்.

குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் வடிவேலுவும் வந்து சேர்ந்தார். வெளியே அவர் சொல்வது கேட்டது. “நேத்து வண்டி கழுவிட்டு நான்தான் சார் இஸ்து கட்னேன். நாலு சுத்து.”

“அப்போ கயிறு தானா எழுந்து போயிடுத்தாக்கும்.”

வடிவேலு குனிந்து பின்சீட்டுக்கு அடியில் தேடினார்.

ஸ்ரீகிருஷ்ணா கத்தவில்லை. நாளையிலிருந்து வரவேண்டாம் என்று மட்டும் சொன்னான். ஏழு வருஷம் ஓட்டியவர். ஷ்ரேயா பிறந்த அன்று, மழைத் தண்ணீரில் வண்டி நின்றுவிடாமல் சாருலதாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தவர்.

இப்போது சொன்னால்கூடப் போதும் என்று அவளுக்குத் தெரியும்.

ஸ்ரீகிருஷ்ணா அம்மாவுக்குப் போன் பண்ண உள்ளே போனான். வடிவேலு தன் டிபன் பாக்ஸை எடுக்க காரின் முன்கதவுப் பக்கம் வந்தார்.

வந்தவர் பானெட்டுக்கு முன்னால் அப்படியே நின்றார்.

பம்பரின் இரண்டு பக்கமும் வாழைக்கன்றுகள் வெயிலில் வாடித் தொங்கின. அவற்றைக் கட்டியிருந்த நீலக் கயிற்றின் நுனி கறுப்பாகப் பொசுங்கியிருந்தது.

ஸ்ரீகிருஷ்ணா அதைப் பார்த்துக்கொண்டேதான் காரில் ஏறினான். சீட்டுக் கயிறு என்ன நிறம் என்று கேட்டிருந்தால் அவனுக்குத் தெரிந்திருக்காது.

வடிவேலு குனிந்து முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். அது அவர் போடும் முடிச்சு இல்லை. தலையில் ரிப்பன் கட்டுவதுபோல் இரண்டு காது வைத்த முடிச்சு.

காலையில் வாழைக்கன்று வந்தபோது அவர் பூசணிக்காய் வாங்கப் போயிருந்தார். திரும்பி வந்த அவசரத்தில் கயிற்றைக் கவனிக்கவில்லை. நல்ல நேரம் முடியப் பத்து நிமிஷம்தான் இருந்தது. வீட்டில் ஒரு முழம் சணல்கூட இல்லை. வேறு கயிறு தேடி அப்புறம் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் சாருலதா அதை அவிழ்த்தாள். மறந்தேபோனாள்.

மறந்ததோடு போயிருந்தால் பரவாயில்லை. கார் கேட்டைத் தாண்டும்போது ஞாபகம் வந்தது. பூஜை போட்டுக் கிளம்பிய வண்டியைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்று, சீட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அத்தைக்கு வாங்கிய பூ மடியிலிருந்து சரிந்தபோது அந்தக் கையை எடுத்தாள்.

வடிவேலு நிமிர்ந்து வராந்தாவைப் பார்த்தார்.

அவள் கம்பியை விடவில்லை. உள்ளே ஸ்ரீகிருஷ்ணா போனை வைக்கும் சத்தம் கேட்டது.

வடிவேலு கயிற்றை அவிழ்த்தார். வாழைக்கன்றுகளை கேட்டின் இரண்டு பக்கமும் சாய்த்து வைத்தார். பின்கதவைத் திறந்தார்.

நாலு சுற்று. பக்கவாட்டில் ஒரு முடிச்சு. இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தார்.

டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போய்விட்டார்.