பென்சில் பிறை

பாம்பு முட்டையைப் புரட்டினால் உள்ளே குட்டி செத்துவிடும். அதனால் எது மேல்பக்கம் என்று தெரிய, வளர்ப்பவர்கள் மேற்புறத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார்கள். ராட்காவின் கணவன் ஸ்பினெக் மட்டும் சின்னப் பிறை வரைவான். சென்ற மாதம் அவன் இறந்துபோனான்.

அவனுடைய மலைப்பாம்பைக் கொண்டுபோக, தம்பி விளாஸ்டா ஆஸ்த்ராவா நகரிலிருந்து வந்திருந்தான்.

"நீங்கதான் அதைத் தொடக்கூட மாட்டீங்களே அண்ணி, குடுத்துடுங்க."

"முட்டை போட்டுடட்டும்ப்பா. அவர் ஆசையா இணை சேர்த்தது," என்றாள் ராட்கா.

"அப்போ பென்சிலைச் சீவுங்க. இதோ போடப்போகுது."

இருவரும் கண்ணாடிப் பெட்டியின் முன் குனிந்தார்கள். பாம்பு மெல்ல நெளிந்தது. முதல் முட்டை ஈரத்தோடு வழுக்கிவந்து பாசியில் படிந்தது. அதன் மேற்புறத்தில் பென்சில் பிறை இருந்தது.

"அண்ணி, தொட்டீங்களா?"

"இல்லப்பா."

அவள் கையில் பென்சில் சீவாமலே இருந்தது. பாம்பு மறுபடி முக்கியது. பாதி வெளிவந்த அடுத்த முட்டையில், பாதிப் பிறை தெரிந்தது.