அடுத்த அறை

வெளியுறவுக் கொள்கை வகுப்பில் அன்று போர் விளையாட்டு. பாதி மாணவர்கள் ஒரு நாடு. மீதிப் பேர், அடுத்த அறையில், எதிரி நாடு. கேட்க வேண்டியதைச் சீட்டில் எழுதிக் கதவுக்கடியில் தள்ள வேண்டும். அது பேராசிரியர் போட்ட விதி.

வகுப்பே 'மந்திரி' என்று அழைக்கும் அவள்தான் இந்த அறை நாட்டுக்குத் தலைவி. "படையை விலக்கிக்கொள்கிறீர்களா?" என்று கேட்டுச் சீட்டுக்கு மேல் சீட்டாகத் தள்ளிவிட்டாள். பதிலே இல்லை.

"மந்திரி, நம்மள மதிக்கவே மாட்டேங்கிறாங்கடி!" என்றாள் தோழி.

"காதை வச்சுக் கேளு. உள்ள கிசுகிசுக்கிறாங்க. முந்திக்கப் பாக்கிறாங்க" என்றான் கண்ணாடிக்காரன்.

அவளுக்கும் கேட்பது போலத்தான் இருந்தது. எல்லைக் காவலில் இருக்கும் அண்ணன் போன வாரம் போனில் சொன்னது நினைவுக்கு வந்தது. "அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்ல பாப்பா. அதான் பயமா இருக்கு."

"நம்ம ஆளுங்க சாகறதுக்குள்ள நாம முந்திக்கலாம். அடிங்க!" என்றாள்.

பேராசிரியர் வரைபடத்தில் எதிரியின் தலைநகரைச் சிவப்பு மையால் அழித்தார். கைதட்டல் எழுந்தது.

"தோத்தவங்க மூஞ்சியப் பாக்க வேணாமா சார்?" என்று அவளே போய்க் கதவைத் தள்ளினாள்.

அவள் எழுதிய சீட்டுகள் மடிப்புக்கூடப் பிரிக்கப்படாமல் தரையில் கிடந்தன. அறையில் ஈ காக்கை இல்லை.

"அவங்களை அந்தப் பக்க வாசல் வழியா அப்பவே கேன்டீனுக்கு அனுப்பிட்டேம்மா" என்றார் பேராசிரியர்.

"அப்ப, கிசுகிசுத்தது யாரு?" என்றான் கண்ணாடிக்காரன்.

அவள் வராந்தாவுக்கு ஓடி வந்து அண்ணனுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் யாருமே இல்லாமல்கூட இருக்கலாம் என்று அவனிடம் உடனே சொல்லிவிட வேண்டும்.

மறுமுனையில் மணி கடைசிவரை அடித்து ஓய்ந்தது.